குப்பையிற் கிடந்த குன்றிமணி

குன்றிமணி குப்பையிற் கிடந்தாலும் நிறம் மாறாது என்பர். இம்முதுமொழியின் உண்மையை உணர்த்தும் இடங்கள் பிரான்சு தேசத்திற் பல உள. அவையே அங்குள்ள பழம்பொருட் சந்தைகள். கால் ஒடிந்த நாற்காலிக்கு அருகே பளிங்குக் கிண்ணமும், துருவேறிய சாவிகளுக்கு நடுவே வெள்ளிக் கரண்டியும் அங்கே கிடக்கக் காணலாம். செல்வர் மட்டுமே செல்லத்தக்க இடங்கள் இவை என எண்ணுதல் வேண்டா. சில்லறைக் காசுடன் செல்லும் மாணவனுக்கும் அங்கே ஏதேனும் ஒன்று காத்திருக்கும்.

இச்சந்தைகளுள் உலகப் புகழ் பெற்றது, பாரிஸ் மாநகரின் வட எல்லையை அடுத்த சேந்துவானில் உள்ளது. அதன் பிறப்பு வறுமையிலே நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கந்தை பொறுக்குவோர் பலர், பாரிஸ் வீதிகளிற் குவிந்த குப்பையைக் கிளறிக் கந்தை, எலும்பு, உலோகம் முதலியவற்றைச் சேகரித்து விற்றுப் பிழைத்து வந்தனர். 1883ஆம் ஆண்டின் இறுதியில், அந்நகரின் நிர்வாக அதிபராக விளங்கிய யூஜீன் பூபெல், வீட்டுக் குப்பையை மூடியுள்ள தொட்டிகளில் இட்டே வைத்தல் வேண்டும் எனக் கட்டளையிட்டார். நகரின் சுகாதாரம் உயர்ந்தது. ஏழைகளின் பிழைப்போ நலிந்தது. பிரெஞ்சு மொழியிற் குப்பைத் தொட்டிக்கு இன்றும் ‘பூபெல்’ என்பதே பெயர். கந்தை பொறுக்குவோரோ நகர மதிலுக்கு அப்பாலுள்ள வெளியிலே, தாம் திரட்டியவற்றைத் தரையிற் பரப்பி விற்றனர். பழந்துணியிலும் மெத்தையிலும் தெள்ளுகள் இருக்குமன்றோ? அதனாலேயே ‘தெள்ளுச் சந்தை’ என்னும் பெயர் வழங்கலாயிற்று என்பர். ஏளனமாய் இட்ட அப்பெயர் பின்னர்ப் பல மொழிகளிலும் பரவிவிட்டது.

1920இல் அங்கே வெர்னேசோன் என்னும் நிலையான அங்காடித் தொகுதி தோன்றியது. 1925இல் பிரோன் அங்காடி எழுந்தது. கந்தை விற்ற நிலத்தில் இன்று சரவிளக்குகளும் நிலைக்கண்ணாடிகளும் பெருந்தொகைக்கு விலைபோகின்றன. உல்லாசப் பிரயாணிகள் வார இறுதியில் வந்து குவிகின்றனர். விலை குறைந்தவற்றை நாடுவோர், நகரின் தென் எல்லையில் உள்ள வான்வ் சந்தைக்குச் சனி, ஞாயிறு காலை வேளைகளிற் செல்வர்.

பாரிஸுக்கு வெளியேயும் இவ்வழக்கம் பரவியுள்ளது. வட பிரான்சின் லீல் நகரத்திற் செப்டெம்பர் மாதத்து முதல் வார இறுதியில் வீதிகள் யாவும் சந்தையாகிவிடும். எசமானரின் பழம்பொருட்களை ஆண்டுக்கொரு முறை விற்றுக்கொள்ளப் பணியாளர் பெற்ற உரிமையிலிருந்து இது வளர்ந்தது எனக் கூறுவர். வந்தோர் மட்டியும் பொரித்த உருளைக்கிழங்கும் உண்பர். உணவகங்களின் வாயில்களில் மட்டி ஓடுகள் குன்றுபோற் குவிந்து கிடக்கும். சிற்றூர்களிலோ ‘பரண் ஒழிப்பு’ எனப் பொருள்படும் விற்பனை நாள் ஒன்றுண்டு. அன்று குடும்பத்தினர் தம் வீட்டிற் பயன்படாது கிடப்பவற்றை மேசையிற் பரப்பி விற்பர். வணிகரல்லாதார் இவ்வாறு ஆண்டுக்கு இருமுறைக்கு மேல் விற்றலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம்.

இத்தகைய இடங்களிற் பணத்தினும் மேலாகப் பயன்படுவது அறிவேயாகும். வெள்ளிக் கரண்டியைத் திருப்பிப் பார்த்தால், தலைக்கவசம் அணிந்த மினெர்வா தேவியின் சிறு முத்திரை சில வேளைகளிற் புலப்படும். அது 1838 முதல் பிரான்சில் வழங்கும் அரச முத்திரை. பழைய கரண்டிகளில் அதனருகே 1 என்னும் இலக்கம் இருப்பின், ஆயிரம் பங்கில் 950 பங்கு தூய வெள்ளி. 2 எனின் 800 பங்கு. முத்திரை எதுவும் இல்லையேல் அது வெறும் முலாமாகவும் இருக்கக்கூடும். லிமோஜ் நகரப் பீங்கானின் அடியில் இரு குறிகள் இருத்தல் உண்டு: ஒன்று பீங்கானைச் செய்த ஆலைக்குரியது, மற்றையது ஓவியந் தீட்டிய இடத்திற்குரியது. நாட்டின் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பின், அப்பீங்கான் பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டதாகும். இறக்குமதிப் பொருட்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என்னும் அமெரிக்கச் சட்டம் அவ்வாண்டிலேதான் நடைமுறைக்கு வந்தது.

அறிவுக்கு அடுத்தது பண்பு. வணக்கங் கூறாமற் பொருளைத் தொடுவோரைப் பிரெஞ்சு வணிகர் விரும்பார். விலையைச் சற்றுக் குறைக்கும்படி கேட்பதிற் குற்றமில்லை. பொருளை இகழ்ந்து கேட்பதே குற்றம். யானைத் தந்தம், ஆமை ஓடு ஆகியவற்றாலானவற்றை நாடு கடத்திச் செல்லச் சட்டத் தடைகள் உண்டாதலின், அவற்றை விட்டு விலகுதலே நன்று.

இச்சந்தைகளில் நம் நெஞ்சைத் தொடுவன விலையுயர்ந்த பொருட்கள் அல்ல. மடித்து அடுக்கிய பழைய லினன் விரிப்புகளின் மூலையிற் சிவப்பு நூலால் இரண்டு எழுத்துகள் தைக்கப்பட்டிருக்கும். முற்காலத்துப் பிரெஞ்சுப் பெண்கள் மணவாழ்வுக்கென ஆண்டுக்கணக்கிற் சேர்த்துவைத்த சீதனத் துணிகள் அவை. அவ்வெழுத்துகள் யாருடைய பெயருக்குரியன என்பதை விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார். அருகேயுள்ள பெட்டியிலே பழைய தபாலட்டைகள் நிறைந்திருக்கும். தாய்க்கு மகனும், காதலிக்குப் போர்வீரனும் எழுதியவை அவை. இன்று அவற்றின் விலை சில்லறைக் காசே.

துணி கிழியவில்லை, எழுத்தும் அழியவில்லை. அவற்றின் வரலாறு மட்டுமே அறுந்துபோயிற்று. பேரப்பிள்ளைகள் கேட்கவில்லை, பாட்டியாரும் சொல்லவில்லை; அதனால் அவை வெறும் சரக்காகிவிட்டன. பொருளைப் பேணுதல் எளிது. அதனோடு இணைந்த கதையைப் பேணுதலே அரிது. வீட்டில் உள்ள முதியோரிடம், “இது யாருடையது? எப்படி வந்தது?” என்று இன்றே கேட்டுக் குறித்து வைக்கும் பிள்ளைகள், எந்தச் சந்தையிலும் வாங்கவியலாத செல்வத்தைத் தேடிக்கொண்டோராவர்.