கிடுகுக் கொட்டகையும் செக்ரோலும்

திசையன்விளை டீக்கடையில் யுத்தக் கதை பேசுகிறவர்களுக்குக் கண்டி என்றால் மவுண்ட்பேட்டன்தான். 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியத் தலைமையகத்தை அவர் தில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுபோனது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதே கண்டிச் சீமையில் அதிகம் பேசப்படாத இன்னொரு தலைமையகமும் இருந்தது. அமெரிக்க உளவுப்படையான ஓ.எஸ்.எஸ்.ஸின் 404ஆம் பிரிவு. இடம், நந்தனா தேயிலைத் தோட்டம். கிடுகு வேய்ந்த கொட்டகைகள்தாம் ஆபீஸ். ரகசியத் தாள்களைப் பதிந்து அடுக்கிவைத்தவர் ஜூலியா மெக்வில்லியம்ஸ். பிற்பாடு ஜூலியா சைல்ட் என்று சமையல் புத்தகம் எழுதிப் பேர் வாங்கினாரே, அந்த அம்மாதான்.

2008இல் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் ஓ.எஸ்.எஸ். ஆட்கள் சுமார் 24 ஆயிரம் பேரின் கோப்புகளைத் திறந்துவிட்டது. ஏழரை லட்சம் பக்கம். ஆராய்ச்சிக்காரர்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். படிக்கட்டும்.

சரிய்யா, தேயிலை தானா முளைச்சுதா? யாரு நட்டா, யாரு கிள்ளுனா? மலையகத் தோட்டங்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். தூத்துக்குடி, மண்டபம் வழியாகக் கடல் தாண்டிப் போன நம்ம சனம். கேட்டால் "ஆவணம் இல்லையே தோழர்" என்கிறார்கள், நம்முடைய முற்போக்கு ஆய்வாளர்களும் சேர்த்துத்தான். தோட்டத்துக்குத் தோட்டம் செக்ரோல் இருந்ததே! ஒருத்தி கொழுந்து குறைவாகக் கிள்ளினாள் என்று அரைப்பேர் போட்டதைக்கூட அன்றன்றைக்கு எழுதிய பதிவேடு அது. கூலி பிடிக்க எழுதினால் அது ஆவணம். வரலாறு எழுத மட்டும் ஆவணம் இல்லையாம்.

இதில் இன்னொரு அநியாயம். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949இல் வந்த சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன்னால் கல்யாணமானவர் ஏழு வருஷமும் ஆகாதவர் பத்து வருஷமும் தொடர்ந்து இலங்கையில் இருந்ததை நிரூபி என்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்படியே யுத்த வருஷங்கள்! மவுண்ட்பேட்டன் கண்டியில் இருந்ததற்கு யாரும் அத்தாட்சி கேட்கவில்லை. கொழுந்து கிள்ளினவளிடம் கேட்டார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனு போனது. சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான் கிடைத்தது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் மிச்சமிருந்தவர்களை ரெண்டு நாடும் ஆடுமாடு மாதிரி எண்ணிப் பங்கு வைத்தன. இந்தியாவின் பங்கு மட்டும் 5 லட்சத்து 25 ஆயிரம் என்று எழுதினார்கள். எண்ணிக்கைதான், பேர் கிடையாது.

நந்தனாவைப் பற்றி அடுத்து எழுதப்போகிறவர் ஜூலியாவின் கோப்பைக் கொஞ்சம் ஓரமாக வைக்கட்டும். 1944ஆம் வருஷத்துச் செக்ரோலைத் தோட்டத்துக்காரர்களிடம் கேட்கட்டும். அதிலிருந்து ஒரு பேரையாவது எழுதிவிட்டு அப்புறம் கொட்டகையைப் பற்றிப் பேசட்டும்.