தேர்வு சாதி கேட்காது, அதன் வாசல் கேட்கிறது

என் சித்தி மகன் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். கடந்த ஆண்டு சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனத்தில் 35,000 ரூபாய் கட்டி சிசிஎன்ஏ வகுப்பில் சேர்ந்தான். பணம், சித்தி மகளிர் குழுவில் வாங்கிய கடன். மூன்று மாதம் கழித்து அவன் கையில் மிஞ்சியது அந்த நிறுவனமே அச்சடித்துக் கொடுத்த சான்றிதழும், "தேர்வில் இதுதான் வரும்" என்று தந்த வினா-விடைத் தொகுப்பும்தான். "அக்கா, இதெல்லாம் இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்குத்தான். நமக்கு வராது" என்றான்.

அந்த "நமக்கு வராது" என்ற சொல்தான் என்னை உறுத்தியது. உண்மையில் அந்தத் தேர்வு என்ன கேட்கிறது?

சிஸ்கோ நடத்தும் 200-301 தேர்வு 120 நிமிடம். எழுதப் பட்டம் தேவையில்லை. எந்தப் பயிற்சி நிறுவனத்திலும் சேராமலே எழுதலாம். ஐபி முகவரி, ஸ்விட்ச், ரூட்டிங், பாதுகாப்பு அடிப்படைகள் ஆகியவையே பாடம். புதியவர்களை மிரட்டும் சப்நெட் கணக்குக்கு 2, 4, 8, 16 என்று இரட்டிக்கத் தெரிந்தால் போதும். /26 வலையில் 64 முகவரிகள். முதலும் கடைசியும் போக 62 கருவிகளுக்குத் தரலாம். ரூட்டர் வாங்க வேண்டியதில்லை. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாதமி இலவசமாகத் தரும் பேக்கெட் டிரேசர் மென்பொருளில், சாதாரண லேப்டாப்பிலேயே வலையமைப்பைக் கட்டிப் பழகலாம்.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? தேர்வுக் கட்டணம் 300 டாலர், வரி தனி. தோற்றால் மறுபடி முழுப் பணம். தமிழில் எழுத முடியாது. தேறினாலும் சான்றிதழ் மூன்று ஆண்டுக்குத்தான். வீட்டில் ஏற்கெனவே ஒரு பொறியாளர் இருக்கும் பிள்ளைக்கு எதைப் படிப்பது, எதைத் தவிர்ப்பது என்று சாப்பாட்டு நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது. முதல் தலைமுறைப் பிள்ளை அதே தகவலுக்கு 35,000 கொடுத்து ஏமாறுகிறது. மனப்பாடம் செய்யத் தரும் அந்த வினாத் தொகுப்புகள் சிஸ்கோவின் விதிக்கே எதிரானவை. பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகும். இவ்வளவையும் மறைத்துவிட்டு, தேறியவனைத் 'திறமைசாலி' என்கிறோம்.

சான்றிதழ் வந்துவிட்டால் சாதி போய்விடுமா என்றால், அதுவும் இல்லை. தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானதாகக் கூறி, 2020-இல் கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை வழக்குத் தொடுத்தது இதே சிஸ்கோ மீதுதான். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2023-இல் இரு மேலாளர்கள் மீதான வழக்கை அத்துறை திரும்பப் பெற்றது. ஆனால் அமெரிக்காவின் தொழில்நுட்ப அலுவலகங்களிலும் சாதி ஒரு கேள்விதான் என்பதை உலகம் பேசத் தொடங்கியது அந்த வழக்கால். தனியார் துறையில் இட ஒதுக்கீடு கேட்கும் போராட்டத்தை எந்தச் சான்றிதழும் ஈடுசெய்யாது.

அதற்காகப் படிக்காமல் இருக்க முடியாது. அரசின் திறன் பயிற்சிகள் வகுப்போடு நின்றுவிடாமல் தேர்வுக் கட்டணத்தையும் ஏற்க வேண்டும். "நூறு சதவீத வேலை உறுதி" என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் எத்தனை பேருக்கு, எங்கே வேலை வாங்கித் தந்தன என்று பட்டியல் வெளியிட வைக்க வேண்டும். நாம் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. நம் படிப்பகங்களில் போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் ஒரு பழைய லேப்டாப்பும் இருக்கட்டும்.

எங்கள் ஊர் அம்பேத்கர் படிப்பகத்தில் இப்போது ஞாயிறுதோறும் ஐந்து பேர் உட்காருகிறார்கள். தம்பி சப்நெட் கணக்கைத் தமிழில் சொல்லித் தருகிறான். அவன் இன்னும் தேர்வு எழுதவில்லை, கட்டணத்துக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். ஆனால் "நமக்கு வராது" என்று இப்போது சொல்வதில்லை. இந்தத் துறையில் ஏற்கெனவே வேலையில் இருக்கும் தோழர்களே, உங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம் கொடுங்கள். நாம் விலை கொடுத்து வாங்கிய தகவல் அடுத்த பிள்ளைக்காவது இலவசமாகக் கிடைக்கட்டும்.