ஒரே கடிகாரம், இரண்டு சூரியோதயம்!

மணிப்பூரின் கிழக்கு எல்லையில் இருக்கும் ஊர் மோரே. அதைத் தாண்டினால் மியன்மார் என்று இன்று அழைக்கப்படும் பர்மா. பஞ்சாபின் மேற்கு எல்லையில் இருக்கும் ஊர் அட்டாரி. அதைத் தாண்டினால் பாகிஸ்தான். இரண்டுக்கும் இடையே 2,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஆயினும் இரண்டு ஊர்க் கடிகாரங்களும் ஒரே மணியைத்தான் காட்டுகின்றன. சூரியன் மட்டும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை!

டிசம்பர் கடைசியில் மோரேயில் காலை 6 மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். மாலை 4-30 மணிக்கெல்லாம் அஸ்தமித்துவிடும். அதே நாளில் அட்டாரியில் சூரியன் உதிக்க ஏறக்குறைய 7-30 மணி ஆகிவிடும். ஜூன் மாதத்திலோ, மாலை 6 மணிக்கு மோரேயில் விளக்கேற்றும்போது, அட்டாரி விவசாயிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரப் பகல் பாக்கி இருக்கும்.

காலை 10 மணிக்குக் காரியாலயம் திறப்பது பல ஊர்களில் சரியாக இருக்கலாம். மோரேயில் அப்போது சூரியன் உதித்துக் குறைந்தது நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். காலை வெளிச்சம் வீணாகிறது. மாலையில் விளக்கு எரிகிறது.

அண்டை வீட்டுக் கடிகாரம்

மோரேயில் பகல் 12 மணி அடிக்கும்போது, எல்லைக்கு அப்பால் தமுவில் 1 மணி. அட்டாரிக்கு அப்பால் வாகாவில் அதே சமயம் 11-30தான். விசித்திரம் என்னவென்றால், இரண்டு இடங்களிலும் சூரியனுக்கு நெருங்கி ஓடுவது அண்டை நாட்டுக் கடிகாரமே!

இந்திய நேரத்துக்கு அடிப்படை, கிழக்கு 82½ பாகை தீர்க்கரேகை. பாகைக்கு 4 நிமிஷம் வித்தியாசம். மோரே அந்த ரேகைக்குக் கிழக்கே 12 பாகை அளவில் தள்ளியிருக்கிறது. ஆகவே முக்கால் மணி நேரம் வித்தியாசப்படுகிறது. பாகிஸ்தானின் நேரமோ 75 பாகையை ஒட்டியது. அட்டாரி ஏறக்குறைய அந்த ரேகையிலேயே அமைந்திருக்கிறது.

அட்டாரியில் 1959 முதல் நடந்துவரும் கொடியிறக்க வைபவத்தைப் பார்த்தால் இது விளங்கும். சூரியாஸ்தமன வேளையை ஒட்டியே அது நடக்கிறது. இரண்டு தேசக் கொடிகளும் ஒன்றாக இறங்கும். கைக்கடிகாரங்கள் மட்டும் அரை மணி வேறுபடும்.

மோரேத் தமிழர்கள்

மோரேயில் தமிழர்களும் வாழ்கிறார்கள். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின், கடைகளையும் தொழில்களையும் இழந்து தாயகம் திரும்பியவர்களில் சிலர், தரை மார்க்கமாக மீண்டும் பர்மா போக முயன்றார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு மோரேயிலேயே தங்கினார்கள். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் எழுப்பினார்கள். அங்கே சாயரட்சை வேளையைச் சூரியனைப் பார்த்தே அறிய வேண்டும். தமிழ்நாட்டு மணிக்கணக்கு உதவாது.

இரண்டு நேரம் தேவையா?

தேசம் முழுவதற்கும் ஒரே நேரம் என்பது 1906-ல் வந்த ஏற்பாடு. கல்கத்தா 1948 வரை தன் சொந்த நேரத்தையே வைத்திருந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலோ, கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்து வேலை வாங்கும் 'தோட்ட நேரம்' வெகுகாலப் பழக்கம்.

வடகிழக்கு ராஜ்யங்களுக்கும் அந்தமானுக்கும் ஒரு மணி முந்திய தனி நேரம் வேண்டும் என்று தேசீய பௌதிக ஆராய்ச்சிசாலையின் விஞ்ஞானிகள் 2018-ல் யோசனை கூறினார்கள். 2019-ல் மத்திய சர்க்கார், பாதுகாப்புக் காரணங்களைக் கூறி அதை ஏற்கவில்லை.

தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நேரம் மாறும் எல்லையில் ரயில் சிப்பந்தி ஒருவர் மணியைத் தவறாகக் கொண்டால், விளைவு விபரீதமாகும். ஆனால் அந்தப் பயத்துக்காக மோரேயின் பகல் பொழுது வீணாக வேண்டுமா? ரயிலுக்கு ஒரே கடிகாரம் இருக்கட்டும். பள்ளிக்கூடமும் காரியாலயமும் கிழக்கே ஒரு மணி முன்னதாகத் திறக்கட்டும். கடிகார முள்ளைத் தொடாமலே செய்யக்கூடிய காரியம் இது. சூரியனை மாற்ற முடியாது. மணி அடிக்கும் வேளையை மாற்றலாம் அல்லவா?