பரீட்சையா, டோல்கேட்டா?

வெளிநாட்டுப் படிப்பு பணக்கார வீட்டுச் சமாச்சாரம். ரோலிங் மில்லின் அனலில் வேகும் நமக்கும், பொன்னேரி வயலில் நாற்று நடும் நமக்கும் அதில் என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். நாம் அப்படி நினைக்கவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உழைப்பவர்களின் வீடுகளில் இன்று பட்டதாரிகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போக ஆசைப்பட்டால் அது குற்றமா? முதலாளியின் மகனுக்கு அது லட்சியம், தொழிலாளியின் மகளுக்கு மட்டும் பேராசையா?

ஆசைப்பட்டவுடன் முதலில் எதிரே வந்து நிற்பது கல்லூரி வாசல் அல்ல. ஓர் ஆங்கிலப் பரீட்சை. ஐ.இ.எல்.டி.எஸ். என்று ஒன்று, டோஃபல் என்று ஒன்று, பி.டி.இ. என்று இன்னொன்று. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது ஆகிய நான்கிலும் சோதிப்பார்கள். சோதிக்கட்டும். ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் இடத்துக்குப் போகிறவருக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. நம்முடைய கேள்வி வேறு: இந்தச் சோதனைக்கு என்ன விலை? அந்தப் பணம் யாருக்குப் போகிறது?

ஐ.இ.எல்.டி.எஸ். கட்டணம் பதினேழாயிரம் ரூபாய்க்கும் மேல். நூறு நாள் வேலைக்கு 2025–26ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐம்பது நாளுக்கும் மேலான கூலியைச் சாப்பிடாமல், வட்டி கட்டாமல், மருந்து வாங்காமல் அப்படியே எடுத்து வைத்தால் ஒருமுறை பரீட்சை எழுதலாம். ஒருமுறைதான்! கேட்ட மதிப்பெண் ஆறரை, வந்தது ஆறு என்றால் மறுபடியும் பணம். ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம் என்று இப்போது ஒரு சலுகை உண்டு. அதற்கும் தனிக் கட்டணம். தேறினாலும் அந்த மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டே வருஷம். படித்த ஆங்கிலம் இரண்டு வருஷத்தில் கெட்டுப்போக அது என்ன, பாலா?

பணம் போகும் வழியைப் பாருங்கள். இந்தப் பரீட்சையின் கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒன்று ஐ.டி.பி. என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி. அதன் பங்குகள் 2015 முதல் அந்நாட்டுப் பங்குச்சந்தையில் விலை போகின்றன. இந்தியாவில் பிரிட்டிஷ் கவுன்சில் நடத்தி வந்த ஐ.இ.எல்.டி.எஸ். வியாபாரத்தையும் இதே கம்பெனி 2021ல் 13 கோடி பவுன் கொடுத்து வாங்கிவிட்டது. பதின்மூன்று கோடி பவுன்! நம் பிள்ளைகள் வரிசையில் வந்து நின்று பணம் கட்டுவார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் யாராவது இவ்வளவு கொட்டுவார்களா? இன்னொன்றும் உண்டு. மாணவர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர்த்துவிட்டு அவற்றிடம் கமிஷன் வாங்குவதும் இதே கம்பெனியின் தொழில்தான். பரீட்சை வைப்பதும் அவரே, ஆள் பிடித்து அனுப்புவதும் அவரே. நல்லூர் டோல்கேட்டில்கூட வசூலிப்பவன் லாரியை வாடகைக்கு விடுவதில்லை!

"சர்க்கார்தான் உபகாரச் சம்பளம் தருகிறதே?" என்பார்கள். மத்திய சர்க்காரின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித் திட்டத்தில் நாடு முழுவதற்கும் சேர்த்து 125 இடங்கள் வகுத்தார்கள். அதில் 115 தாழ்த்தப்பட்டோருக்கு, 6 சீர்மரபினர் மற்றும் நாடோடி இனத்தாருக்கு. நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைவினைஞர் ஆகிய இரு சாராருக்கும் சேர்த்து எத்தனை? நான்கு! காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை வயலில் உழைக்கும் அத்தனை குடும்பங்களுக்கும், தறியிலும் சக்கரத்திலும் உழைப்பவர்களுக்கும் நான்கு இடம். 2025ல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்துவிட்டு, மற்றவர்களை நிதி வந்தால் பார்ப்போம் என்று நிறுத்தி வைத்ததையும் கண்டோம்.

அந்த நான்கில் ஒன்றுக்கு மனுப் போடுவதற்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் நிபந்தனையற்ற அட்மிஷன் கடிதம் கையில் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்துக்குப் பெரும்பாலும் பரீட்சை மதிப்பெண் வேண்டும். மதிப்பெண்ணுக்குப் பணம் வேண்டும். ஆக, ஏழைக்கென்று வைத்த உதவியைக் கேட்பதற்கே ஏழை முதலில் கடன் வாங்க வேண்டியிருக்கிறது!

இது புதிய தந்திரம் அல்ல. வெள்ளையன் காலத்தில் ஐ.சி.எஸ். பரீட்சை எல்லோருக்கும் பொது என்றுதான் சொன்னார்கள். ஆனால் 1922 வரை அதை லண்டனில் மட்டுமே நடத்தினார்கள். கப்பல் டிக்கெட் வாங்க முடிந்தவனுக்கே அந்தப் 'பொது'. இன்று பரீட்சை மண்டபம் சென்னைக்கு வந்துவிட்டது. டிக்கெட் விலை மட்டும் கூடவே வந்திருக்கிறது.

மண்டபத்துக்குள் போக பாஸ்போர்ட்டும் காட்ட வேண்டும். கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் இலங்கைத் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த மண்ணில் பிறந்து, இந்தப் பள்ளிகளில் படித்தவர்கள். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, பிறந்த ஊர் என்ற ஒரு காரணத்தால் மட்டும் குடியுரிமை கிடையாது. ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்டும் கிடையாது. அவர்களுடைய ஆங்கிலத்தை யார் சோதிப்பது, எங்கே சோதிப்பது?

அமெரிக்கப் பிரஜைக்கும் ஆஸ்திரேலியப் பிரஜைக்கும் இங்கிலாந்து விசாவுக்கு இந்தச் சோதனை வேண்டாம். நைஜீரியாவில் ஆட்சிமொழியே ஆங்கிலம். ஆனாலும் அந்நாடு விலக்குப் பட்டியலில் இல்லை. அங்கே 2021ல் இளைஞர்கள் இதை எதிர்த்து இயக்கமே நடத்தினார்கள். எந்தக் கறுப்பு, பழுப்பு நாட்டானுக்கும் இந்த நியாயம் விளங்கும்.

பள்ளி இறுதித் தேர்வின் ஆங்கில மதிப்பெண்ணையே ஏற்கும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. ஆகவே பணத்தைக் கட்டுமுன் கடிதம் எழுதிக் கேளுங்கள் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். ஏஜெண்டு நிச்சயமாகச் சொல்ல மாட்டான்.

தாட்கோ மூலம் ஆதிதிராவிட, பழங்குடி இளைஞர்களுக்கு இந்தப் பரீட்சைகளுக்கு இலவசப் பயிற்சி அறிவித்ததை வரவேற்கிறோம். பயிற்சி தந்த கை கட்டணத்தையும் கட்டட்டும். விவசாயத் தொழிலாளியின் பிள்ளைக்கும் மில் தொழிலாளியின் பிள்ளைக்கும் முதல் பரீட்சைக் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்க வேண்டும். அட்மிஷன் கடிதத்துக்கு முன்பே உபகாரச் சம்பள மனுவை வாங்க வேண்டும். அந்த நான்கு என்ற எண்ணை அடித்துத் திருத்த வேண்டும். திருவள்ளூர் மாவட்டச் சங்கக் கூட்டங்களில் கூலி, போனஸ் தீர்மானங்களோடு இதையும் சேர்த்துப் போட்டு, கலெக்டரிடம் கொடுங்கள்.