பெட்டிச் சாவி யாரிடம்?

ஐ.நா. பெண்கள் அமைப்பின் தலைவர்கள் பட்டியலை நேற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2010இல் நான்கு சிறு பிரிவுகளை ஒன்றாக்கி உருவான அமைப்பு. சிலியின் மிச்செல் பச்செலெட், தென்னாப்பிரிக்காவின் பும்சிலே ம்லாம்போ, ஜோர்டானின் சீமா பஹூஸ் என்று தலைமை நாற்காலி பெண்களிடமே வந்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அதே ஐ.நா.வில், 1946 முதல் பொதுச்செயலாளர் நாற்காலியில் அமர்ந்த ஒன்பது பேரும் ஆண்கள். அடுக்களையைப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு, பெட்டிச் சாவியைத் தன் மடியில் செருகிக்கொள்ளும் பெரியவரின் பழைய வழக்கம்தான் இது. சமத்துவத்துக்குத் தனித் துறை ஒதுக்குவது சுலபம். நடுக்கூடத்தில் இடம் விடுவதுதான் கடினம். ஒன்பதாவது பொதுச்செயலாளரான குட்டெரெஸின் பதவிக்காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது. ஊருக்குச் சொல்லும் உபதேசத்தை ஐ.நா. முதலில் தன் வீட்டில் கடைப்பிடிக்கட்டும். பத்தாவது பெயர் ஒரு பெண்ணுடையதாக இருக்கட்டும்.