பழவேற்காட்டுக்கு ஒரு நாள்

விடுமுறை வந்துவிட்டால் சென்னைவாசிகளின் கால்கள் தாமாகவே தெற்கு நோக்கித் திரும்புகின்றன. மகாபலிபுரம் போகாத குடும்பம் அபூர்வம். வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பழவேற்காட்டைப் பார்த்தவர்களோ சிலரே. அவர்களிலும் பலர் ஏரியையும் நண்டுக் குழம்பையும் தவிர வேறொன்றையும் கண்டதாகச் சொல்வதில்லை. காலாற நடந்து ஒரே பகலில் பார்க்கக்கூடிய அச்சிற்றூருக்குப் போய்வரும் விதத்தை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்லுவோம்.

மார்கழி, தை, மாசி மாதங்களே உகந்தவை. மழை ஓய்ந்து, வெயில் ஏறாதிருக்கும் அக்காலத்தில் பூநாரைகள் கூட்டங் கூட்டமாக வந்து ஏரியில் இறங்கும். கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பஸ் உண்டு. கட்டுச்சாதமும் குடிநீரும் குடையும் கையோடு இருத்தல் நலம்.

முதலில் டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்ல வேண்டும். அதன் வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நின்று வரவேற்கும். குழந்தைகள் அஞ்சினால் அருகில் அழைத்துச் சென்று காட்டுங்கள். உலக வாழ்வின் நிலையாமையைச் சொல்ல வந்த கல் பொம்மைகளே அவை. பதினேழாம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்து இங்கே மாண்டவர்களின் பெயர்களும் குலச் சின்னங்களும் பலகைக் கற்களில் அழகாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன.

அவர்கள் இங்கு வந்த காரணம் நமது நெசவுத் துணி. இந்தோனேசியத் தீவுகளில் வாசனைத் திரவியம் வாங்க விரும்பியவன் சோழமண்டலத் துணியைக் கொண்டு போகவேண்டியிருந்தது. 1610-ல் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்ற டச்சுக்காரர், 1613-ல் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690-ல் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகரமாக விளங்கியது இவ்வூரேயாகும். இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதரும் அகழியின் தடமுமே உள்ளன. மலாய் நாட்டாரோ கட்டம் போட்ட கைலியை இன்றைக்கும் 'காயின் பெலிக்கட்' என்று இவ்வூர்ப் பெயரால் அழைக்கிறார்கள். கோட்டை கட்டியவன் பெயர் மண்ணில் மறைந்தது. தறியில் உட்கார்ந்தவனின் ஊர்ப் பெயர் கடலுக்கு அப்பால் நிலைத்தது.

துணி மாத்திரமா கப்பலேறியது? பஞ்ச காலங்களில் நம் ஜனங்களும் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டு, இக்கரையிலிருந்து பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்குப் பெயர் செதுக்கிய கல் எதுவுமில்லை. கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுவது பெற்றோர் கடமை.

அடுத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில். செம்புரைக் கல்லால் ஆன இக்கோயிலில் இராமாயணக் காட்சிகளைச் சிறு சிறு சிற்பங்களாகக் காணலாம். பள்ளிவாசலும் மாதா கோயிலும் நடை தூரத்திலேயே இருக்கின்றன. முஸ்லிம் பெண்கள் பனையோலையால் முடையும் கூடைகளும் பெட்டிகளும் வீட்டுக்கு வாங்கி வரத் தக்கவை.

பிற்பகலில் ஏரிக்கரை. உப்பங்கழிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி நம் தேசத்தில் பெரியது இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களில் 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டலாம் என்பதை ஊரார் கூடி முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே சொந்தமாகிவிடாதபடி காக்கும் இந்த நியாயம், படித்தவர்கள் நிறைந்த நமது சபைகளிலும் எளிதில் காணக் கிடைக்காதது.

ஆனால் பங்கிட்டுக் கொள்ளத்தான் மீன் குறைந்து வருகிறது. கடலில் பொரிக்கும் இறால் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து வளர வேண்டும். முகத்துவாரத்தை மணல் மூடினால் கடல்நீரும் வராது, இறாலும் வராது. வலை வெறுமையாக வரும் நாளில், கையில் நோட்டை நீட்டி, "ஒரு சுற்று அழைத்துப் போ அப்பா" என்று கேட்கும் பட்டணத்து மனிதருக்கு மீனவர் எவ்வாறு மறுப்புச் சொல்வார்?

2011 டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் பண்டிகையன்று, உல்லாசமாகப் படகில் சென்றவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து இவ்வேரியில் மாண்டார்கள். அதன் பின் அதிகாரிகள் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதித்தனர். பெரும்பாலான இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று எண்ணவேண்டாம். முகத்துவாரத்தை அடுத்த நீரோட்டம் வலிமையுள்ளது. மீன்பிடி படகு வலைக்கும் பழகிய கைகளுக்கும் ஏற்பட்டது. நீந்தத் தெரியாத குடும்பத்துக்கு ஏற்பட்டதன்று.

ஆகையால், படகுக்கென்று எடுத்து வைத்த பணத்தை மீன் விற்கும் பெண்களிடமும் ஓலை முடையும் பெண்களிடமும் கொடுங்கள். பேரம் பேசாமலே கொடுங்கள். பூநாரைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். கொண்டு சென்ற எச்சில் இலையையும் காகிதத்தையும் ஏரியில் எறியாமல் திரும்பக் கொண்டு வாருங்கள். நமக்கு ஒரு நாள் வேடிக்கையாக இருக்கும் அந்த நீர், அங்குள்ளோருக்கு அன்றாடச் சோறு.