முதல் கைத்துப்பாக்கி

ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்புக்குள் தனி வீட்டில் இருக்கும் என் நாத்தனார் மகள், "அத்தை, ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வச்சிக்கிட்டா என்ன? எது நல்லது?" என்கிறாள். கணவர் வெளிநாட்டில், குழந்தைக்கு இரண்டு வயது. பயம் நியாயமானதுதான்.

பெண்களுக்கென்றே கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-ல் 'நிர்பீக்' என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. அரைக் கிலோ எடை. அப்போதே விலை 1,22,360 ரூபாய்! அன்றைக்கு அந்தப் பணத்துக்கு ஐந்து பவுன் வாங்கியிருக்கலாம். முதல் துப்பாக்கிக்குப் பிஸ்டலைவிட ரிவால்வரே சுலபம் என்பார் பட்டாளத்தில் இருந்த என் சித்தப்பா. உருளையைத் திறந்தால் குண்டு இருக்கிறதா என்று கண்ணுக்கே தெரிந்துவிடுமாம். ரொம்ப லேசானது சுடும்போது கையை உதறுமாம்.

ஆனால் இது கடையில் கேட்டதும் கொடுக்கிற சாமானா? பெரம்பலூரோ அரியலூரோ, அந்தந்த மாவட்டக் கலெக்டரிடம் லைசென்சுக்கு எழுதிப் போடணும். 21 வயது ஆகியிருக்கணும். போலீஸ் விசாரிக்கும். வெறுமனே பயம் என்று எழுதினால் பெரும்பாலும் கிடைக்காது. பயிற்சிச் சான்றிதழ் வேணும், பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று எழுதியும் கொடுக்கணும். தேர்தல் வந்தால் பொதுவாக ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிப் பேச்சே வேண்டாம், ஜெயில்தான்.

எனக்கு இடிப்பது அந்தப் பூட்டுதான். பீரோவில் பூட்டி, குண்டை வேறிடத்தில் வைத்து, சாவியையும் பிள்ளைக்கு எட்டாமல் ஒளித்தால், நடுராத்திரியில் கதவை இடிக்கும்போது அது எப்படிக் கைக்கு வரும்? தலையணைக்கடியில் வைக்கலாம் என்றால், கட்டிலில் ஏறிக் குதிக்கிற பிள்ளைதானே முதலில் எடுக்கும்! பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இது ஒத்துவராது என்றே சொன்னேன்.

ராத்திரியில் வீட்டை உடைத்து வருகிறவனைத் தடுக்கச் சட்டம் நமக்கு உரிமை தருகிறது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது உண்டு. தேவைக்கு மேல் தாக்கத்தான் கூடாது. ஓடுகிறவன் முதுகில் சுட்டால் கோர்ட்டில் பதில் சொல்லணும்.

அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். கொல்லைக் கதவுக்கு உள்பக்கம் குறுக்குக் கட்டை போடுங்கள். வாசல், கொல்லை விளக்குகளின் சுவிட்சு கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். நல்ல நாட்டு நாய் ஒன்று வளருங்கள். நகை பாங்க் லாக்கருக்குப் போகட்டும். சத்தம் கேட்டால் கதவைத் திறந்து பார்க்காமல் 112-க்குப் போன் செய்யுங்கள். தோப்பு வீட்டுக்குக் கதவு எண் சொன்னால் யாருக்குத் தெரியும்? எந்த ரோடு, எந்தக் கோயிலுக்கு அடுத்த திருப்பம் என்று எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் நமக்கே வழி மறந்துபோகும்.